பெஞ்சில் இருந்தவளைத் திரும்பச் சேர்க்கலாமா?



நம்ம சுவரிதழில் கவிதை, விடுகதை, மரம் வளர்ப்போம் கட்டுரை எல்லாம் படிச்சிருப்பீங்க. எனக்குக் கவிதை வராது. நான் ஒரு சண்டையைப் பத்தி எழுத வந்திருக்கேன். பத்து நாளா மைதானத்திலும், சத்துணவு வரிசையிலும், வீட்டுக்குப் போற வழியில் காப்பித் தோட்டத்திலும் நடக்கிற சண்டை. நம்ம பெண்கள் கபடி டீமில், போன வருஷம் பாதியில் போன பொண்ணைத் திரும்பச் சேர்க்கலாமா, கூடாதா?

அவள் பேரை எழுத மாட்டேன். எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். பி.டி. சார், "நீங்களே பேசி முடிவு பண்ணி வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, குறுவட்டப் போட்டிக்கு லிஸ்ட் எழுதணும்"னு சொல்லிட்டார். பேசுறோம் பேசுறோம்னு கத்துறோமே தவிர யாரும் பேசலை. அதனால்தான் எழுதுறேன்.

முதலில் அவள் எப்படி ஆடுவாள் என்று சொல்லிடறேன். ஆறாம், ஏழாம் வகுப்புத் தங்கைகள் பார்த்திருக்க மாட்டீங்க. அவள் முதல் ஏழு பேரில் ஒருத்தி இல்லை. பிடிக்கிறதில் அவள் சுமார்தான். காலைப் பிடிக்கப் போய் தானே விழுவாள். ஆனால் ரெய்டு போனால் பாம்பு மாதிரி. அதனால் சார் அவளை முதல் பாதி முழுக்க பெஞ்சில் உட்கார வைப்பார். இரண்டாம் பாதியில் எட்டு நிமிஷம் இருக்கும்போது கையைக் காட்டுவார். அவள் வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்துட்டு உள்ளே போவாள். நான் அப்போ பதிமூணாவது ஆள். அதாவது லிஸ்டில் இல்லாத எக்ஸ்ட்ரா. ஸ்கோர் நோட்டு எழுதுறது என் வேலை. போன வருஷம் நாம பக்கத்து ஊர் பள்ளிகளோட ஆடின நாலு ஆட்டத்தில் அவள் எடுத்தது 19 புள்ளி. அத்தனையும் இரண்டாம் பாதியில். நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம்.

குறுவட்டப் போட்டிக்கு மூணு நாள் இருக்கும்போது அவள் வரலை. அப்புறம் வருஷம் பூரா வரலை. நாம அரையிறுதியில் 2 புள்ளியில் தோத்தோம். இப்போ திரும்ப வந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். டீமில் 12 பேர் இருக்கிறோம். அவளைச் சேர்த்தால் ஒருத்தி வெளியே போகணும். இதுதான் பிரச்சினை.

வேண்டாம் என்கிறவங்க சொல்றது நாலு விஷயம். அவங்க சொல்றதையும் ஒழுங்கா எழுதிடறேன், இல்லைன்னா நியாயம் இல்லை.

1. சொல்லாமக் கொள்ளாமப் போனவள். அவளை நம்ப முடியாது.

2. காலையில் பனியில் ஆறு மணிக்கு வந்து பிராக்டிஸ் பண்றவங்களுக்கு அது அநியாயம்.

3. ரெய்டு மட்டும் தெரிஞ்சவள் எதுக்கு? கபடின்னா பிடிக்கவும் தெரியணும்.

4. இந்த வருஷமும் காப்பிப் பழம் பறிக்கிற சமயம் வந்தா, வீட்டில் ஏதாவதுன்னா மறுபடி போயிடுவாள்.

நாலுமே சும்மா தள்ளிவிடக்கூடிய விஷயம் இல்லை. ஆனால் இந்த மாதிரிக் கேள்வி நமக்கு மட்டும் வந்தது இல்லை. கோடிக் கணக்கில் பணம் போடுற டீம்களுக்கும் வருஷா வருஷம் இதே கேள்விதான். அதுவும் நம்ம சேலம் மாவட்டத்துக்காரர் ஒருத்தரை வச்சே வந்திருக்கு.

நம்ம மலையில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம். அதையும் தாண்டி தாரமங்கலம் பக்கம் போனால் சின்னப்பம்பட்டி. அங்கே பிறந்தவர் கிரிக்கெட் வீரர் நடராஜன். டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகினவர். 2017-ல் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 6 ஆட்டத்தில் 2 விக்கெட்தான். அந்த அணி விட்டுடுச்சு. 2018-ல் ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 இரண்டு வருஷமும் அவருக்கு ஒரு ஆட்டம் கூடக் கிடைக்கலை. இரண்டு வருஷம் பெஞ்ச்! நம்மில் யாராவது இரண்டு வாரம் பெஞ்சில் உட்கார்ந்தாலே முகத்தைத் தூக்கி வச்சுக்குவோம்.

ஆனால் ஹைதராபாத் அவரை விடலை. 2020-ல் ஆட விட்டாங்க. 16 ஆட்டத்தில் 16 விக்கெட். யார்க்கர்னா நடராஜன்னு ஊரே பேசிச்சு. டிவில்லியர்ஸையே யார்க்கரில் போல்டாக்கினார். அந்த வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து போடுற ஆளாகத்தான் கூட்டிட்டுப் போனாங்க. அங்கே மத்தவங்களுக்கு அடிபட அடிபட இவருக்கு வாய்ப்பு வந்தது. 2020 டிசம்பரில் ஒருநாள், டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூணு வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் இவர்தான். ஊருக்குத் திரும்பினப்போ சின்னப்பம்பட்டியில் சாரட் வண்டியில் வச்சு ஊர்வலம் விட்டாங்க.

கதை இதோட முடியலை. 2021-ல் முழங்காலில் ஆபரேஷன். அந்த வருஷம் ஐ.பி.எல்.லில் இரண்டே ஆட்டம். ஹைதராபாத் அவரை விட்டுட்டு, 2022 ஏலத்தில் 4 கோடி கொடுத்துத் திரும்ப எடுத்தது. கவனிங்க, விட்டவங்களே திரும்ப எடுத்தாங்க. அந்த வருஷம் 11 ஆட்டத்தில் 18 விக்கெட். 2024-ல் 19 விக்கெட் எடுத்தார், அந்த அணி இறுதிப் போட்டி வரைக்கும் போச்சு. அப்படியும் அந்த வருஷக் கடைசியில் அவரைத் தக்க வைக்கலை. டெல்லி அணி 10.75 கோடிக்கு எடுத்தது. 2025-ல் டெல்லியில் அவர் ஆடினது இரண்டே ஆட்டம், விக்கெட் இல்லை. இவ்வளவு பணம் கொடுத்து பெஞ்சில் உட்கார வைக்கிறதுக்கு விட்டுடலாமேன்னு நிறையப் பேர் சொன்னாங்க. ஆனால் 2025 நவம்பரில் டெல்லி வெளியிட்ட தக்க வைத்தோர் பட்டியலில் அவர் பேர் இருந்தது.

அது சரியா தப்பான்னு நான் சொல்ல வரலை. பெஞ்சில் இருக்கிறதாலோ, நடுவில் ஒரு வருஷம் ஆடாததாலோ ஒருத்தருக்கு ஆட்டம் மறந்து போயிடாது என்பதைத்தான் சொல்றேன்.

"அது கிரிக்கெட், பந்து போட்டா போதும். ரெய்டு மட்டும் போறவள் நமக்கு எதுக்கு?"ன்னு கேட்பீங்க. இதுக்குப் பதில் கூடைப்பந்தில் இருக்கு. ஏற்காட்டில் பெரிய பள்ளிக்கூடங்களில் அந்த மைதானத்தைப் பார்த்திருப்பீங்க. களத்தில் அஞ்சு பேர்தான் ஆடுவாங்க. அமெரிக்காவில் என்.பி.ஏ. என்கிற போட்டியில் ஆறாவது ஆள்னு ஒருத்தருக்குத் தனியா விருதே கொடுக்கிறாங்க. அதாவது முதலில் இறங்காமல், பெஞ்சில் இருந்து வந்து நல்லா ஆடுறவருக்கு. பி.டி. சார் இதைச் சொன்னப்போ நான் நம்பலை, அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அர்ஜென்டினாவைச் சேர்ந்த மனு ஜினோபிலி என்கிறவர் 2008-ல் அந்த விருது வாங்கினார். 2004 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கின அணியில் ஆடினவர். அப்படிப்பட்டவரையே அவரோட சான் அன்டோனியோ அணி நிறைய ஆட்டங்களில் பெஞ்சில் இருந்துதான் இறக்கியது. ஏன்னா, எதிராளியோட முதல் அஞ்சு பேர் களைச்சு உட்காருற நேரத்தில் இவர் புதுசா உள்ளே வருவார். அங்கே ஒப்பந்தம் முடிஞ்சா ஆட்டக்காரர் எந்த அணிக்கும் போகலாம். அவரை அந்த அணி ஒவ்வொரு தடவையும் திரும்ப எடுத்தது. 16 சீசன் அங்கேயே ஆடினார். 4 தடவை சாம்பியன்.

கபடியிலும் அதே கணக்குதான். முதல் பாதி முழுக்க ஓடி ஓடி எதிர் டீம் கார்னர் பொண்ணுக்கு மூச்சு வாங்கும். கவர் பொண்ணு சங்கிலி போட மறப்பாள். அந்த நேரத்தில் மூச்சு நிறைய வச்சிருக்கிற ஒருத்தி பாடிட்டு உள்ளே போனால் சும்மா இருக்குமா? அதோட, பெஞ்சில் இருக்கிறவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்னு நினைக்காதீங்க. எந்தப் பொண்ணு அவசரப்பட்டு முன்னாடி வருவாள், யாருக்கு இடது கால் வலிக்குது, போனஸ் கோட்டை யார் கவனிக்கலை, எல்லாத்தையும் அவள் பார்த்துக்கிட்டே இருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். உள்ளே போறதுக்கு முன்னாடியே, "அந்த ரெட்டைச் சடைக்காரியத்தான் தொடப் போறேன்"னு என்கிட்ட சொல்லிட்டுப் போவாள். தொட்டுட்டும் வருவாள்.

புரோ கபடியில் நம்ம தமிழ் தலைவாஸ் கதை எல்லாருக்கும் தெரியும். 2022-ல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தாங்க. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. அவ்வளவுதான் தலைவாஸ்னு சொன்னாங்க. யாரும் பெரிசா நினைக்காத நரேந்தர் என்கிற இளம் ரெய்டர் அந்த சீசனில் 243 ரெய்டு புள்ளி எடுத்தார். தலைவாஸ் முதல் தடவையா அரையிறுதிக்குப் போச்சு. ஒரே ஒரு ரெய்டரை நம்பி டீம் நடத்தினால் என்ன ஆகும், இரண்டாவது ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேற உதாரணம் வேண்டாம். நம்ம டீமில் இப்போ ரெய்டுக்கு நம்பி அனுப்ப கேப்டன் அக்கா ஒருத்தங்கதான். அவங்க அவுட் ஆகி வெளியே நின்னா நாம என்ன பண்றோம்? நேரத்தை ஓட்டுறோம். மூணாவது ரெய்டு வந்ததும் மாட்டிக்கிறோம்.

சரி, எதிர்ப்பக்க உதாரணமும் ஒண்ணு சொல்லணும். சுரேஷ் ரெய்னா. ஐ.பி.எல்.லில் 205 ஆட்டம், 5528 ரன். சென்னை ரசிகர்களுக்குச் சின்ன தல. 2020-ல் சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொந்தக் காரணத்தால் துபாயில் இருந்து ஊருக்குத் திரும்பிட்டார். அதுக்காக அவரை ஒதுக்காமல் 2021-ல் சென்னை சேர்த்துக்கிட்டது. அந்த வருஷம் சென்னை கோப்பையும் வாங்கிச்சு. ஆனால் அவர் 12 ஆட்டத்தில் 160 ரன்தான் எடுத்தார். 2022 ஏலத்தில் சென்னையும் கேட்கலை, வேற யாரும் கேட்கலை. எங்க அண்ணன் அன்னைக்குச் சாப்பிடவே இல்லை.

இதில் இருந்து நான் தெரிஞ்சுக்கிட்டது இரண்டு. நடுவில் போனதுக்காக ஒருத்தரைத் தள்ளி வைக்கக் கூடாது. அதே சமயம் பழைய பேருக்காக மட்டும் சேர்க்கவும் கூடாது. இன்னைக்கு ஆட முடியுமான்னு பார்க்கணும்.

இப்போ அந்த நாலு விஷயத்துக்கு வர்றேன். கடைசியில் இருந்து சொல்றேன்.

நாலாவது, மறுபடி போயிடுவாள் என்பது. போகலாம். நம்மில் யார் போக மாட்டோம்னு எழுதிக் கொடுக்க முடியும்? காப்பிப் பழம் பழுத்தால் நம்ம வகுப்பில் எத்தனை பெஞ்ச் காலியா இருக்குன்னு டீச்சருக்குத் தெரியும். எனக்குத் தோணுறது என்னன்னா, டீமில் இருந்தால்தான் அவள் பள்ளிக்கூடத்தை விடாமல் வருவாள். ஒரு வருஷம் நின்னுட்டு வந்த பொண்ணுக்கு, "எப்படா நிறுத்தலாம்"னு பார்க்கிறவங்க ஊரில் நிறையப் பேர் இருக்காங்க. "சனிக்கிழமை மேட்ச் இருக்கு"ன்னு ஒரு காரணம் இருந்தால் அவங்க வாயை அடைக்கலாம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் தங்கம் வாங்கின நம்ம கண்ணகி நகர் கார்த்திகா அக்காவும் ஏதோ ஒரு டீமில் முதல் இடம் கிடைச்சுத்தானே கிளம்பியிருப்பாங்க.

மூணாவது, பிடிக்கத் தெரியாது என்பது. உண்மை. கத்துக் கொடுக்கலாம். நாம எல்லாரும் பொறக்கும்போதே கணுக்கால் பிடிச்சுக்கிட்டா பொறந்தோம்?

இரண்டாவது, பிராக்டிஸுக்கு வந்தவங்களுக்கு அநியாயம் என்பது. இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற இடம். ஏன்னா இப்போ டீமில் பன்னிரண்டாவது ஆள் நான்தான். அவள் வந்தால் வெளியே போகப் போறவள் நான்தான். ஆறு மணிப் பனியில் விரல் மரத்துப் போய் ஓடினவள் நானும்தான். அதனால் யாரும், "உனக்கென்ன, ஈசியா எழுதிட்டே"ன்னு சொல்ல முடியாது. ஆனாலும் சொல்றேன், டீமில் இடம் என்பது வந்து போனதுக்குக் கொடுக்கிற கூலி இல்லை. ஜெயிக்கிறதுக்காகத்தான் டீம்.

கடைசியா முதலாவது. சொல்லாமப் போயிட்டாள் என்பது. இது பொய். அவள் சொல்லிட்டுத்தான் போனாள். என்கிட்ட சொன்னாள்.

அன்னைக்குச் சாயங்காலம் காப்பித் தோட்டத்து வழியா வீட்டுக்குப் போறப்போ சொன்னாள். "அப்பாவுக்கு வேலை செய்யற இடத்துல கை முறிஞ்சிருச்சுடி. விடியக்காலை பஸ்ஸுல அம்மாகூட நானும் திருப்பூர் போறேன். தம்பியைப் பாத்துக்க ஆள் இல்ல. சார்கிட்ட மறக்காம சொல்லிடு. ஓடிப் போயிட்டேன்னு நெனச்சுக்கப் போறாரு." நான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் சார் பேரைக் கூப்பிட்டார். அவள் இல்லை. "யாருக்காவது தெரியுமா?"ன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, "சரி, நீ வா, பன்னிரண்டாவது நீதான்"னு சொல்லிட்டு ஜெர்சியைக் கையில் கொடுத்துட்டார். அவள் போட்ட ஜெர்சி. இப்போ சொன்னால், இரண்டு நாளில் திரும்ப வந்துடுவாள், காத்திருப்போம்னு சொல்லிடுவாரோன்னு பயம். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நாளைக்கும் சொல்லலை. அரையிறுதியில் எட்டு நிமிஷம் இருக்கும்போது சார் என்னைத்தான் உள்ளே அனுப்பினார். நான் மாட்டிக்கிட்டேன். திரும்பி வர்றப்போ வேனில் எல்லாரும் அவளைத் திட்டினாங்க. நானும் ஆமான்னு சொன்னேன். அதுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்கு உறுத்துது.

இந்த வருஷம் அவள் வந்ததும் என்கிட்ட, "நீ சொல்லியுமா இவங்களுக்கு இவ்வளவு கோபம்?"னு கேட்டாள். அப்பவும் நான் வாய் திறக்கலை. முந்தாநாள்தான் சார்கிட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "என்கிட்ட சொன்னது பத்தாது"ன்னார். நேத்து அவள்கிட்டயும் சொன்னேன். அவள் இன்னும் என்கிட்ட பேசலை. அது அவள் இஷ்டம்.

ஆகவே என் கருத்து இதுதான்.

அவளைச் சேர்க்கணும். ஆனால் என் தப்புக்குப் பரிகாரமா சேர்க்க வேண்டாம், அவளும் அதை விரும்ப மாட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் பத்து ரெய்டு, எனக்குப் பத்து ரெய்டு. எதிரில் நம்ம முதல் ஏழு பேரும் நிக்கட்டும். யார் அதிகப் புள்ளி எடுக்கிறாங்களோ அவங்க பன்னிரண்டாவது ஆள். நான் விட்டுக் கொடுத்து ஆட மாட்டேன். அவள் ஜெயிச்சால் சேர்த்துக்குங்க. ஒரு வருஷம் ஆடாததால் அவள் தோத்தால் பதிமூணாவது ஆளா வச்சுக்கிட்டு தினமும் பிராக்டிஸ் கொடுங்க, விட்டுடாதீங்க. பிடிக்கிறதைக் கேப்டன் அக்கா சொல்லித் தரட்டும். இனிமேல் யாராவது ஊருக்குப் போறதா இருந்தால் ஒருத்திகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க, ஒரு சீட்டில் எழுதி சார் மேஜையில் வச்சுட்டுப் போங்க. ஏன்னு உங்களுக்கு இப்போ தெரியும்.

நான் வெளியே போனால் பழையபடி ஸ்கோர் நோட்டு எழுதுறேன். அந்த வேலை எனக்கு நல்லா வரும்.

தாளின் அடியில் இடம் விட்டிருக்கேன். சேர்க்கலாம், வேண்டாம், எதுவா இருந்தாலும் உங்க கருத்தைப் பேனாவில் எழுதுங்க. என்னைத் திட்டணும்னாலும் எழுதுங்க. அவளைத் திட்டி மட்டும் யாரும் எழுத வேண்டாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
கபடி டீம் 12-ஆம் எண் (வியாழக்கிழமை வரை),
கரடியூர்.